காட்பாடி ஸ்டாண்டு வேனில் வந்தவாசி வரை: கால்வே, லோரியான் விருந்தாளிகளோடு ஒரு நாள்

வேலூர்க் கோட்டை, ஆற்காடு டெல்லி கேட், வந்தவாசிக் கோட்டை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வண்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே வேன் ஸ்டாண்டுக்குப் போய், "பழைய பஸ் டிரைவர் வண்டி எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். அவருக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது, போர்டு கிடையாது. பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர் ஒன்று. ஓட்டுகிறவரும் அவரே, ஊர்க்கதை சொல்கிறவரும் அவரே. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கோட்டை வாசலில் நின்று வாய்க்கு வந்ததை அடித்துவிடும் கைடுகளைக் கண்டால் எனக்கு ஆகாது. இவர் அப்படிப்பட்டவர் இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் யாருக்காக அதை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இவர் செய்த வேலையின் அருமை புரியாது.

என் அண்ணன் மகள் வேலூரில் நர்சிங் முடித்துவிட்டு, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரத்தில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நான்கு பேரைக் கூடவே அழைத்து வந்தாள். இரண்டு பேர் அவளுடைய பக்கத்து வீட்டுக் கணவன் மனைவி. மற்ற இரண்டு பேர் பிரான்சின் மேற்கே பிரிட்டனி என்ற பகுதியின் கரையோரம் இருக்கும் லோரியான் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த தம்பதி. இந்த இரண்டு குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, தொழில் சம்பந்தமும் கிடையாது. கால்வேயும் லோரியானும் 1975இல் இரட்டை நகரங்களாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டன. அதற்குச் சில வருடம் கழித்து, கால்வே அம்மா பள்ளிச் சிறுமியாக மாணவர் பரிமாற்றத்தில் லோரியானுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கினார். அடுத்த கோடையில் அந்த வீட்டுப் பெண் கால்வேக்கு வந்து இவர் வீட்டில் தங்கினார். இன்று இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், போக்குவரத்து நின்றபாடில்லை. "எங்க வீட்டுல அவங்களுக்குன்னு தனியா ஒரு ரப்பர் செருப்பு இருக்கும், அவங்க வீட்டுல எனக்கு இருக்கும்" என்று அந்த அம்மா சொன்னதை அண்ணன் மகள் மொழிபெயர்த்தாள். எனக்கு அந்த நிமிடமே இவர்களைப் பிடித்துப்போயிற்று.

இந்த இரட்டை நகர ஏற்பாட்டைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியாது. சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984 முதல் இப்படி ஓர் உறவு உண்டு என்றால் சென்னைக்காரர்களே நம்ப மாட்டார்கள். ஐரோப்பாவில் இது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேர்விட்டது. அடித்துக்கொண்ட நாடுகளின் ஊர்கள், தலைநகரங்களை எதிர்பார்க்காமல் தாங்களே பேசிக்கொள்ளட்டும் என்று நகராட்சித் தலைவர்கள் முன்வந்தார்கள். 1951இல் ஜெனீவாவில் அவர்களுக்கென்று ஒரு மன்றமே அமைந்தது. லோரியானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டினார்கள். அதை உடைக்க நேச நாட்டு விமானங்கள் 1943 தொடக்கத்தில் குண்டு போட்டன. தளம் தப்பியது, ஊர் தரைமட்டமாயிற்று. அப்படிப்பட்ட ஊர் 1963இல் கைகோத்தது ஒரு ஜெர்மன் நகரத்தோடு, லுட்விக்ஸ்ஹாஃபனோடு. லோரியான் ஐயா இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. அவருடைய அப்பா இடிபாட்டுக்குள் வளர்ந்தவர், முதல் ஜெர்மன் விருந்தாளிக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர்.

அயர்லாந்துக்கும் பிரான்சுக்கும் அப்படிப் பகை இருந்ததில்லை, அதனால் அங்கே காரணம் வேறு. 1691இல் அயர்லாந்தில் நடந்த போரை முடித்த லிமெரிக் உடன்படிக்கைக்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் படைவீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். பிரெஞ்சு மன்னரின் படையில் ஐரிஷ் பிரிகேடு என்றே தனியாக ஒன்று இருந்தது. பிரிட்டனிக்காரர்களின் பழைய மொழியும் ஐரிஷும் ஒரே கெல்டிக் மொழிக் குடும்பம். 1971 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் லோரியானில் நடக்கும் கெல்டிக் இசை விழாவுக்கு ஐரிஷ்காரர்கள் கூட்டமாகப் போகிறார்கள். 1978இலிருந்து அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கும் பிரிட்டனியின் ரோஸ்காஃப் துறைமுகத்துக்கும் நேர் கப்பல் ஓடுகிறது. 1973இல் அயர்லாந்து ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு இந்த ஊர்க் கூட்டுகள் பெருகின. கார்க் – ரென், லிமெரிக் – கெம்பேர், கில்லார்னி – கொங்கார்னோ என்று பட்டியல் நீளும்.

ஆனால் நகராட்சி போடும் கையெழுத்தால் மட்டும் இது ஓடுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு குழு இருக்கிறது. எல்லாம் சம்பளம் வாங்காத ஆட்கள். வருகிறவர்களை ஓட்டலில் விடுவதில்லை, வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த வருடம் நீ வா, மறு வருடம் நான் வருகிறேன். பள்ளிக்கூடம், பாட்டுக்குழு, ரக்பி அணி, சமையல், எதையாவது ஒன்றைச் சாக்காக வைத்துப் போய் வருகிறார்கள். வீட்டில் தங்குவதுதான் உயிர்நாடி என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே என் வீட்டிலேயே நால்வரையும் தங்கவைத்தேன். நடுக்கூடத்தில் பாய், மாடியில் கட்டில்.

இப்படிப்பட்டவர்களை ஏசி பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாகக் கோட்டையைக் காட்டித் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. ஸ்டாண்டில் விசாரித்தபோது இரண்டு பேர் கிலோமீட்டர் ரேட் மட்டும் சொன்னார்கள். இவர் ஒருவர்தான், "வர்றவங்க யாரு டீச்சர், எதுக்கு வந்தவாசி?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். என் பழைய புத்தகங்களைப் புரட்டி, ஒரு நோட்டில் தேதிகளை எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதற்கெல்லாம் அவர் காசு கேட்கவில்லை.

வேலூர்க் கோட்டைக்கு எட்டு மணிக்கே போய்விட்டோம். அகழியில் வெயில் ஏறாத நேரம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். நாங்கள் அவசரமாகத்தான் பார்த்தோம், அதில் எனக்கு மனக்குறை. கோயிலை விட்டு வெளியே வந்ததும் வண்டிக்காரர் என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர், ஆயிரத்து எண்ணூத்தி ஆறு கதைய அவங்க மனசு நோவாம மழுப்பட்டா, உள்ளத உள்ளபடி சொல்லட்டா?" என்றார். உள்ளபடியே சொல்லுங்கள் தம்பி என்றேன்.

சொன்னார். புதுத் தொப்பி, அதில் தோல் பட்டை, நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி போட்ட உத்தரவு. திப்புவின் பிள்ளைகள் உள்ளே காவலில் இருந்தது. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தது, தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் மாண்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்த ஜில்லெஸ்பி கோட்டையை மீட்டது, பிடிபட்டவர்களில் நூறு பேர்போலச் சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டது. "செவுத்தாண்ட நிக்க வெச்சு" என்று அவர் சொன்ன இடத்தில் அண்ணன் மகளுக்கு மொழிபெயர்க்க நாக்கு எழவில்லை. நான்தான் சொன்னேன். அந்த ஜில்லெஸ்பி அயர்லாந்தில் டவுன் மாவட்டத்துக் காம்பர் ஊரில் பிறந்தவர், ஊர் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது என்பதையும் நானே சொன்னேன். கால்வே ஐயா அந்தச் சிலையைப் பார்த்திருக்கிறார். தூணின் உயரம் தெரியும், பெயர் தெரியும், வேலூர் என்று ஓர் ஊர் இருப்பது தனக்கு அப்போது தெரியாது என்றார். பிறகு மக்கான் சிக்னலில் சிப்பாய்களின் நினைவுத்தூணைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. வண்டிக்காரர் முகம் சுளிக்காமல் அந்த நெரிசலில் வண்டியை ஓரங்கட்டினார். ஒரு சேவையைப் பாராட்ட எனக்கு இது ஒன்றே போதும்.

ஆற்காட்டில் அதிக நேரம் நிற்கவில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும்தான் பழைய கோட்டையின் நினைவாக மிச்சம். 1751இல் கிளைவ் இந்தக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். இங்கேதான் வண்டிக்காரர் சறுக்கினார். முற்றுகையில் நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கதையை நடந்ததாகவே சொல்லிவிட்டார். அது பல பத்து வருடம் கழித்து எழுதப்பட்ட கதை. முற்றுகையில் இருந்தவர்கள் எழுதியதில் அது இல்லை. நம் ஆட்களை விசுவாசமான வேலைக்காரர்களாகக் காட்ட அது வசதியாக இருந்தது, அதனால் நிலைத்துவிட்டது. இதை அவரிடம் சொன்னேன், நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த முறை வேறு யாரையாவது அழைத்துப் போகும்போது சரியாகச் சொல்வார் என்று நம்புகிறேன்.

மக்கன் பேடா வாங்காமல் ஆற்காட்டைத் தாண்டக் கூடாது. பஜாரில் இவருக்குப் பழக்கமான கடையில் சூடாகவே கிடைத்தது. உள்ளே முந்திரி, பாதாம், சாரைப் பருப்பு எல்லாம் இருந்தது. சில கடைகளில் பருப்பு பேருக்குத்தான் இருக்கும், இங்கே கடிக்கக் கடிக்க வந்தது. லோரியான் அம்மா வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுச் செய்யும் பிரிட்டனிப் பலகாரங்களில் ஊறியவர். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆற்காட்டிலிருந்து செய்யாறு வழியாக வந்தவாசி. இந்தச் சாலையில் பெண்களுக்குக் கழிப்பறை பெரிய பிரச்சினை. யாரும் எழுதாத விஷயம், அதனால் எழுதுகிறேன். இவர் ஒரு கல்யாண மண்டபத்து மேலாளரிடம் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தார். சுத்தமாக இருந்தது, தண்ணீர் இருந்தது. செய்யாற்றில் மதியச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில், வாழையிலையில். காரம் குறைக்கச் சொல்லி அவரே உள்ளே போய்ச் சொன்னார். ஆனாலும் காரக்குழம்பு காரக்குழம்பாகத்தான் வந்தது. ரசமும் மோரும் காப்பாற்றின.

இனி வந்தவாசி. இதற்காகத்தான் நான் இந்தப் பயணத்தையே கேட்டு வாங்கினேன். முப்பது வருடத்துக்கு மேல் "1760 வந்தவாசிப் போர், பிரெஞ்சுக்காரர் தோல்வி" என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகவே நடத்தி வந்த விஷயம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர் இது, 1989இல் பிரித்தபோது திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனது. என் மாணவர்களில் பாதிப் பேர் இந்த ஊரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் போரில் பிரெஞ்சுப் படையின் தலைவர் லாலி. முழுப் பெயர் தாமஸ் ஆர்தர் லாலி, லாலி தொலாந்தால் பிரபு. அவர் பிறந்தது 1702இல் பிரான்சில். ஆனால் அப்பா, கால்வே மாவட்டத்தில் டூவம் ஊருக்குப் பக்கத்திலிருந்து, 1691க்குப் பிறகு பிரான்சுக்குப் போன ஐரிஷ்காரர். தொலாந்தால் என்ற பட்டமே அவர்களுடைய கால்வேக் கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. லாலி தன் பெயரிலேயே ஒரு ரெஜிமெண்டு வைத்திருந்தார், ஐரிஷ் பிரிகேடைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டை போட்டாலும் அவர்கள் ஆங்கிலேயர் மாதிரி சிவப்புக் கோட்டுதான் போடுவார்கள். லாலி 1745இல் ஃபோந்தனுவா போர்க்களத்தில் பெயர் வாங்கி, 1758இல் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். எதிரே நின்ற ஆங்கிலப் படையின் தலைவர் அயர் கூட். அவர் பிறந்தது அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில். ஆக, 1760 ஜனவரி 22ஆம் தேதி, நம் வந்தவாசி வயல்வெளியில், இரண்டு படைக்கும் தலைமை தாங்கியவர்கள் இரண்டு ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைகள். லோரியான் ஐயாவின் ஊரே 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுப்பப்பட்ட ஊர். அந்தத் துறையிலிருந்துதான் கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்துபோயின. அவர் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு எதிர்க்கரையில் போர்-லூயி என்ற ஊரின் கோட்டைக்குள் கம்பெனியைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறதாம். அங்கே போகும்போது நம் கரையிலிருந்து போன துணிகளைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறாராம்.

கோட்டையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இடிந்த மதில், அகழியின் பள்ளம், முள். நல்ல செருப்பு இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஆனால் வண்டிக்காரர் கோட்டையோடு நிறுத்தவில்லை. வெளியே வயலோரம் வண்டியை நிறுத்தி, வேப்பமர நிழலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். அவற்றை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார். "இங்க நீங்க பேசுங்க டீச்சர், எனக்குத் தேதிதான் தெரியும்" என்று விலகி நின்றார். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று தெரிந்த வழிகாட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் பேசினேன். பிரெஞ்சு அணியின் இடப்பக்கம் வெடிமருந்து வண்டி வெடித்ததில் ஏற்பட்ட குழப்பம், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டது, அடுத்த மாதமே ஆற்காடு அயர் கூட்டின் கைக்குப் போனது, 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது, எல்லாம் சொன்னேன். கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட லாலி, தன்மேல் வந்த பழிக்குப் பதில் சொல்லத் தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார், அங்கே அவரைத் துரோகி என்று தீர்ப்பு எழுதி 1766 மே 9ஆம் தேதி பாரிஸில் தலையை வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதினார், லாலியின் மகன் விடாமல் போராடினார், 1778இல் தீர்ப்பு ரத்தானது. கால்வே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்த முடியாது. தஞ்சாவூர்மேல் படையெடுத்துப் போன வழியில் கீழ்வேளூரில் கோயில் அந்தணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவரும் இதே லாலிதான். தன் சாமான்களை இழுக்கப் புதுச்சேரி ஜனங்களைச் சாதி பாராமல், வயது பாராமல் பிடித்து மாட்டியவரும் அவர்தான். பாரிஸில் அவருக்கு நடந்தது அநியாயம். இங்கே அவர் செய்ததும் அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு என்று என் வகுப்பில் சொல்வதையே அங்கேயும் சொன்னேன்.

லோரியான் ஐயா ஒரு கேள்வி கேட்டார். இரண்டு படையிலும் நின்ற தமிழ்ச் சிப்பாய்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? என்னிடம் பதில் இல்லை. ஒரு பெயரைக்கூட எந்தப் பாடப் புத்தகமும் எனக்குக் கொடுத்ததில்லை. அவர் ஊரில் 1943 குண்டுவீச்சில் செத்தவர்களின் பெயர்களைத் தேடித்தேடி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். இந்தக் கேள்வியை நான் விட்டுவிடப்போவதில்லை. என் பழைய மாணவர்களில் இரண்டு பேர் இப்போது கல்லூரியில் வரலாறு நடத்துகிறார்கள், அவர்கள் காதில் போட்டுவிட்டேன்.

வந்தவாசி என்றால் நமக்குப் போர் ஞாபகம் வருமுன் கோரைப் பாய் ஞாபகம் வரும். கல்யாணப் பாய், பட்டுப் பாய், மூலையில் பெயர் நெய்த பாய், எல்லாம் இங்கிருந்துதான். வண்டிக்காரர் எங்களைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை. கமிஷன் வாங்கும் டிரைவர்கள் நேராகக் கடையில்தான் கொண்டுபோய் விடுவார்கள். இவர் கையால் நெய்யும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டுக்காரர் வண்டிக்காரருக்குப் பல வருடப் பழக்கம். விசைத்தறி வந்த பிறகு கைத்தறிப் பாய் நெய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். கோரையைக் கிழித்து, காயவைத்து, சாயம் ஏற்றி, ஊறவைத்து, நூல் பாவுக்குள் ஒவ்வொரு குச்சியாகச் செலுத்தும் வேலையை அவர் மனைவி காட்டினார். விருந்தாளிகளுக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. நால்வரும் தரையில் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். லோரியான் ஐயாவுக்கு முட்டி மடங்காது, அவருக்கு மட்டும் ஸ்டூல்.

அப்போது கால்வே அம்மா மிச்சக் கோரை கொஞ்சம் கேட்டார். மடியில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி மடக்கிச் சுற்றினார். நடுவில் சதுரமும் நாலு பக்கம் நாலு கையுமாக ஒரு சிலுவை வந்தது. அயர்லாந்தில் பிப்ரவரி 1 புனித பிரிஜித் நாள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு கோரைப்புல்லில் இந்தச் சிலுவையைப் பின்னி வாசல் மேல் செருகுவார்களாம், தீ அண்டாமல் காக்கும் என்று நம்பிக்கை. 2023 முதல் அந்த நாளை ஒட்டி அரசு விடுமுறையே உண்டு. பாய்வீட்டு அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோரைய ஈரமா வெச்சுக்கினு பின்னுங்க, உடையாது" என்று ஒரு கை தண்ணீரைத் தெளித்துக் கொடுத்தார். இரண்டாவது சிலுவை முதலாவதைவிட இறுக்கமாக வந்தது. பிறகு பாய்வீட்டு அம்மாவே ஒன்று பின்னினார், முதல் தடவையிலேயே. கால்வே அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். மொழிபெயர்க்க அண்ணன் மகள் வாயே திறக்கவில்லை, தேவைப்படவில்லை. வீட்டில் வைத்துக்கொள்வதுதான் உயிர்நாடி என்று இவர்கள் சொன்னதை நான் கண்ணால் பார்த்தது இங்கேதான். ஐம்பது வருடமாக இரண்டு ஊர்களும் இதைத்தானே செய்துகொண்டிருக்கின்றன.

பாய்க்கு அவர்கள் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். யாரும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை.

வண்டியைப் பற்றிக் குறைகளும் சொல்ல வேண்டும். பின்வரிசைக்கு ஏசி சரியாக வரவில்லை. தை மாதமானதால் சமாளித்தோம், சித்திரையில் முடியாது. கடைசி இருக்கையில் சீட் பெல்ட் இரண்டும் வேலை செய்யவில்லை. இது சின்ன விஷயம் இல்லை, கிளம்புமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆரணி வழியாகத் திரும்பும்போது இருட்டிவிட்டது, அந்தச் சாலையில் எதிரே வரும் லாரிகளின் வெளிச்சத்தில் அவர் கொஞ்சம் வேகமாகவே போனார். மெதுவாகப் போகச் சொன்னதும் குறைத்தார். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போனால் பாதிப் பயன்தான் கிடைக்கும். வாடகை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா தனி, எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. இந்தச் சுற்றுக்கு அது நியாயமான காசு. கூடுதலாகக் கொடுக்க லோரியான் ஐயா பர்ஸைத் திறந்தபோது, பேசின காசு போதும் என்று சொல்லிவிட்டார். ராத்திரி எங்கள் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், அதற்குச் சம்மதித்தார். இலவம்பாடி முள் கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்திருந்தேன். ஓர் இலைக்கு இரண்டு காய் என்று வைத்தது போதவில்லை.

சாப்பாட்டின்போது பேச்சு வேலூருக்குத் திரும்பியது. உங்கள் ஊருக்கு இரட்டை நகரம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். நான் இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளியிலும் இந்தியிலும் எழுதிய லாட்ஜ் போர்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் நோயாளியோடு வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் சமைக்க அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்கிற ஊர் இது. முன்பின் தெரியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஐரோப்பாவுக்குப் போகிறது, இங்கே படித்த நர்சுகள் அயர்லாந்துக்குப் போகிறார்கள். போகிற வழி ஏற்கெனவே இருக்கிறது. கால்வே மாதிரி ஓர் ஊரோடு பள்ளிக்கூட அளவிலாவது தொடங்கலாம். நான்கு பிள்ளைகள் அங்கே ஒரு வீட்டில், நான்கு பிள்ளைகள் இங்கே ஒரு வீட்டில். பெரிய ஒப்பந்தம் பிறகு வரட்டும். கால்வே அம்மா தன் குழுவில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வீட்டில் ஓர் அறை ஒதுக்கத் தயாராக இருக்கும் பெற்றோர்கள் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருந்தால் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசத் தொடங்குங்கள்.

வண்டி வேண்டுபவர்களுக்குக் கடைசியாக: குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், தை, மாசி முகூர்த்த நாட்களில் அவர் கல்யாண வண்டி ஓட்டுவார், கிடைக்க மாட்டார். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வந்தவாசியில் பாய் நெய்யும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள், மத்தியானத் தொழுகை நேரம் போக அவர்களுக்கு எது வசதி என்று போனில் கேட்டுக்கொண்டுதான் அவர் அழைத்துப் போவார்.